ஓமந்தூர்ச் சமவெளியை மரத்தில் செதுக்குதல்: நிலக்காட்சிப் புடைப்புச் சிற்பத்தில் ஆழமும் இழையும்

ஆய்வுச்சுருக்கம்

தெய்வ உருவங்களையும் கதை நிகழ்வுகளையும் மரத்தில் புடைப்பாகச் செதுக்கும் மரபு தமிழகத்தில் நெடியது. நிலக்காட்சியை மட்டுமே பொருளாகக் கொண்டு செதுக்கும் வழக்கம் அத்துணைத் தொன்மையுடையதன்று. திண்டிவனம் வட்டாரத்து ஓமந்தூரைச் சூழ்ந்த சமவெளியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஏரிக்கரையும் பனைவரிசையும் கூடிய ஒரு காட்சியை மரப்பலகையில் புடைப்பாக்கும்போது எழும் சிக்கல்களையும் அவற்றைக் கையாளும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகின்றது. இத்தகைய சிற்பத்தின் தரம் கோட்டுருவத்தின் நேர்த்தியைக் காட்டிலும் ஆழத்தைப் பங்கிடும் முறையையும் மரத்தின் இழையோட்டத்தையும் பொறுத்தே அமைகின்றது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: புடைப்புச் சிற்பம், நிலக்காட்சி, தேர்ச் சிற்பம், இழையோட்டம், ஆழப் பங்கீடு, பனை, ஓமந்தூர்

முன்னுரை

ஓமந்தூர் என்னும் பெயர் சென்னையிலுள்ள ஓமந்தூரார் தோட்டத்தின் வழியாகப் பலருக்கும் அறிமுகமானது. சென்னை மாகாணத்தின் பிரதமராக 1947 முதல் 1949 வரை பொறுப்பிலிருந்த ஓ. பி. இராமசாமி ரெட்டியாரின் ஊர் அது. பெயர் அறியப்பட்ட அளவுக்கு அவ்வூரின் நிலத்தோற்றம் அறியப்படவில்லை. அப்பகுதி பெரும்பாலும் தட்டையான நிலம். ஏரிகளும், கரைகளில் வரிசையிட்ட பனைகளும், நெல்லும் மணிலாவும் விளையும் வயல்களும் கண்ணில் படுவன. கிழக்கே மரக்காணத்தை ஒட்டிக் கழுவேலி ஏரி பரந்து கிடக்கின்றது. மேற்கே மயிலத்தின் சிறு குன்றும், அதற்கும் அப்பால் செஞ்சியின் பாறைமலைகளும் உள்ளன.

மலையும் அருவியும் அடர்ந்த காடும் உடைய காட்சியே செதுக்குவதற்கு ஏற்றது என்னும் எண்ணம் பரவலாக உண்டு. மேடுபள்ளம் மிகுந்த நிலம் இயல்பாகவே புடைப்புக்கு இடம்கொடுக்கும் என்பதே இதற்குக் காரணம். தட்டை நிலம் அவ்வாறு எளிதில் இடம்கொடாது. அதனாலேயே சிற்பியின் முறையைச் சோதித்துப் பார்க்க இத்தகைய நிலம் ஏற்றதாகின்றது. மலைக்காட்சியில் மறைந்துபோகும் பிழைகள் ஏரிக்கரைக் காட்சியில் வெளிப்பட்டு நிற்கும்.

தேர்ப்பலகையில் நிலம்

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள மண்டகப்பட்டுக் குடைவரைக் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றி அக்கோயிலைத் தான் உருவாக்கியதாக முதலாம் மகேந்திரவர்மன் கூறுவதைத் தெரிவிக்கின்றது. இல்லை என்று அவன் எடுத்துச் சொன்ன பொருள்களே அதற்கு முன்பு வழக்கில் இருந்தவை என்பது அறிஞர்கள் பலரும் ஏற்கும் முடிவு. மரம் மண்ணோடு மண்ணாகும் பொருள். ஆகவே தொல்பழங்கால மரப் புடைப்புகள் எவ்வாறு இருந்தன என்பதைக் கல்லைக் கொண்டே உய்த்துணர வேண்டியுள்ளது. இன்று நேரில் காணக் கிடைப்பவை பெரும்பாலும் கோயில் தேர்களின் அடிப்பாகத்தில் அடுக்கடுக்காகப் பொருத்தப்பட்ட பலகைச் சிற்பங்களே. இலுப்பை, தேக்கு, வேங்கை போன்ற வன்மரங்களில் இவை செதுக்கப்பட்டன.

சிற்ப நூல்கள் முழு உருவச் சிற்பத்தைச் சித்திரம் என்றும், பாதி உருவம் வெளிப்படும் புடைப்பை அர்த்தசித்திரம் என்றும், தீட்டப்படும் ஓவியத்தைச் சித்திராபாசம் என்றும் பிரிக்கின்றன. தேர்ப்பலகை இவற்றுள் அர்த்தசித்திரத்தின் களம். அங்கு நிலம் தனித்து வருவதில்லை. கதை கேட்கும்போது மட்டுமே வருகின்றது. கண்ணன் ஆய்ச்சியரின் ஆடைகளைக் கவர்ந்து மரத்தின் மேல் அமர்ந்திருக்கும் காட்சியில் மரம் உண்டு. இராவணன் கயிலையைப் பெயர்க்கும் காட்சியில் மலை உண்டு. வாலி வதையிலும் மரம் உண்டு. இவை மூன்றும் தேர்களில் மிகுதியாகக் காணப்படுபவை.

வாலி வதைக் காட்சியைச் சற்று நின்று நோக்குதல் தகும். கதைப்படி இராமன் மரத்தின் பின்னே மறைந்து நிற்கின்றான். புடைப்பில் ஒருவரை மரத்தின் பின்னே நிறுத்த வேண்டுமானால் அவருடைய உருவம் மரத்தைவிட ஆழத்தில் அமைய வேண்டும். உடலின் ஒரு பகுதியும் மறைய வேண்டும். நாயகனின் உடலை மறைத்துச் செதுக்கத் தேர்ச் சிற்பி விரும்புவதில்லை. ஆகவே பெரும்பாலான பலகைகளில் மரம் நடுவிலும், இராமன் ஒருபுறமும், பொருதும் வானரர் மறுபுறமும் ஏறத்தாழ ஒரே தளத்தில் நிற்கின்றனர். 'பின்னால்' என்பது 'பக்கத்தில்' என மாற்றிச் சொல்லப்படுகின்றது. பார்ப்பவர் அதைப் பிழையெனக் கொள்வதில்லை. மரம் மறைப்பு என்பதைக் கதை அறிந்தவர் தாமே நிரப்பிக்கொள்கின்றனர்.

ஒரு மரத்தை நிறுத்தி நிலத்தை உணர்த்தும் இம்முறை, தொல்காப்பியம் கூறும் கருப்பொருள் கோட்பாட்டோடு ஒப்புநோக்கத்தக்கது. அகப்பாடலில் நிலம் முழுவதும் வரையப்படுவதில்லை. ஒரு மரம், ஒரு பறவை, ஒரு நீர்நிலை ஆகியவற்றால் திணை நிறுவப்படுகின்றது. பனையும் அதில் தங்கும் அன்றிலும் வந்தால் நெய்தல் நிலம் கண்முன் நிற்கும். தேர்ச் சிற்பி அகப்பொருள் இலக்கணம் கற்றுச் செதுக்கினான் என்று இதற்குப் பொருளன்று. நிலத்தைச் சுட்டுவதற்குச் சில பொருள்கள் போதும் என்னும் உணர்வு இரண்டு கலைகளுக்கும் பொதுவாக இருந்தது என்ற அளவில் கொள்ளலாம்.

மலையைக் காட்டும் முறையும் இத்தகையதே. கயிலைக் காட்சியில் உருண்டை உருண்டையான பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். இமயத்தின் பனிச்சிகரங்களோடு அதற்கு ஒற்றுமை இல்லை. அதனால் அது வெறும் மரபுக்குறி என்று சொல்லப்படுவதுண்டு. செஞ்சிப் பகுதியின் மலைகளைக் கண்டவர்க்கு அவ்வாறு தோன்றாது. கொட்டிக் குவித்த பாறைகளாகவே அம்மலைகள் நிற்கின்றன. குறி என்று கருதப்படுவது, பார்த்த நிலத்தின் சுருக்கமாகவும் இருக்கக்கூடும்.

கல்லிலோ இன்னும் துணிவான ஒரு வழி உண்டு. மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தில் கண்ணன் கோவர்த்தனத்தைத் தூக்கி நிற்கின்றான். பக்கத்தில் ஆயன் பால் கறக்கின்றான். மலை தனியாகச் செதுக்கப்படவில்லை. உருவங்களுக்கு மேலுள்ள செதுக்காத பாறையே மலையாகின்றது. செதுக்காமல் விடுதலும் ஒரு செதுக்குமுறை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. மரத்தில் நிலக்காட்சி செய்வோர் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆழத்தைப் பங்கிடுதல்

ஏரிக்கரைக் காட்சியில் கதை இல்லை. நிரப்பிக்கொள்ள நாயகனும் இல்லை. அண்மையில் கரையும் மதகும், இடையில் நீர்ப்பரப்பும் பனைவரிசையும், சேய்மையில் வயலும் குன்றும், அவற்றின் பின்னே வானமும் உள்ளன. பல கிலோமீட்டர் தொலைவை ஓர் அங்குல ஆழத்துக்குள் அடக்க வேண்டும். இதுவே நிலக்காட்சிப் புடைப்பின் மையச் சிக்கல்.

50 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையைக் கொண்டால், பின்புறத்தில் பாதியைத் தாங்கலுக்காக விட்டுவிட்டு 25 மில்லிமீட்டரைச் செதுக்குவதற்குப் பயன்படுத்தலாம். தொலைவுக்கு ஏற்ற விகிதத்தில் இதனைப் பங்கிட்டால், கடைசிக் குன்றுக்கே பெரும்பகுதி போய்விடும். கண்முன் நிற்கும் மதகுக்கு மயிரிழை அளவுகூட மிஞ்சாது. ஆகவே பங்கீடு தலைகீழாக நடைபெறுகின்றது. அண்மைக்குப் பெரும்பங்கும், சேய்மைக்குச் சிறுபங்கும் தரப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, கரையும் மதகும் மேல் 12 மில்லிமீட்டரையும், பனைவரிசையும் நீரும் அடுத்த 8 மில்லிமீட்டரையும், தொலைவயலும் குன்றும் அதன் கீழுள்ள 3 மில்லிமீட்டரையும் கொள்ளலாம். எஞ்சிய 2 மில்லிமீட்டர் குன்றுக்கும் வானத்துக்கும் இடைப்பட்ட படியாகின்றது. இவ்வளவுகள் விதியல்ல. வரிசைமுறையே விதி.

இம்முறை ஏன் பலிக்கின்றது என்பதை நிழல் விளக்கும். பலகையின் பரப்பிலிருந்து 45 பாகைச் சாய்வில் ஒளி விழுந்தால், 10 மில்லிமீட்டர் உயர்ந்த விளிம்பு 10 மில்லிமீட்டர் அகல நிழலைத் தரும். சாய்வு 30 பாகையாகக் குறைந்தால் அந்நிழல் ஏறத்தாழ 17 மில்லிமீட்டராக நீளும். அதே ஒளியில், ஒரு மில்லிமீட்டர் மட்டுமே உயர்ந்த குன்றின் விளிம்பு மெல்லிய கோடு போன்ற நிழலையே தரும். அகன்ற நிழலைக் கண் அண்மையெனவும், மெல்லிய நிழலைச் சேய்மையெனவும் கொள்கின்றது. உண்மையில் செதுக்கப்படுவது உருவம் என்பதைவிட நிழலின் அகலம் என்பதே பொருந்தும்.

இத்தாலியச் சிற்பி தொனாத்தெல்லோ 1417ஆம் ஆண்டளவில் புளோரன்ஸ் நகரின் ஓர்சான்மிக்கேலே கட்டடத்துக்காகச் செய்த புனித ஜார்ஜ் சிற்பத்தின் பீடத்தில் இம்முறையை மிக மெல்லிய ஆழத்தில் செய்து காட்டினார். அங்கே குதிரைவீரன் புடைத்து நிற்க, பின்னுள்ள மரங்களும் நிலமும் பளிங்கின் மேல் கீறியது போலத் தேய்ந்து மறைகின்றன. பளிங்குக்கு உள்ள வசதி மரத்துக்கு இல்லை. பளிங்கின் பரப்பு ஒரே நிறமுடையது. மரத்துக்கோ தனக்கென்று வரிகள் உண்டு. வரி அழுத்தமான தேக்கில் ஒரு மில்லிமீட்டர்க் குன்றைச் செதுக்கினால் மரவரி குன்றை விழுங்கிவிடும். ஆகவே சேய்மைக் காட்சி முதன்மை பெறும் பலகைக்கு வரி குறைந்த, நிறம் சீரான மரமே ஏற்றது. குமிழ் அத்தகையது, எடை குறைந்தது, உளிக்கு எளிதில் இசைவது, காய்ந்தபின் அதிகம் திருகாதது. தேக்கின் உழைப்பும் ஆயுளும் ஐயமற்றவை. ஆயினும் அதிலுள்ள மணற்சத்து உளியின் கூரை விரைவில் மழுக்கும் என்பதைத் தச்சர் அனைவரும் அறிவர்.

பனையும் இழையும்

ஓமந்தூர்ச் சமவெளியைச் செதுக்குவோர் எதிர்கொள்ளும் தனிச்சிக்கல் ஒன்று உண்டு. நிலம் கிடக்கின்றது, பனை நிற்கின்றது. மரத்தின் இழையோ ஒரு திசையில்தான் ஓடும்.

அகலமான காட்சிக்குப் பலகையைக் கிடைநிலையில் வைப்பது வழக்கம். அப்போது இழையும் கிடையாக ஓடும். கரை, நீர்விளிம்பு, தொடுவானம் ஆகிய நீள்கோடுகள் இழையோடு ஒத்துச் செல்வதால் சுத்தமாக வெட்டுப்படும். பனைத்தண்டு மட்டும் இழைக்குக் குறுக்கே நிற்கும். 6 மில்லிமீட்டர் அகலமுள்ள தண்டைச் சுற்றிலும் 10 மில்லிமீட்டர் ஆழம் இறக்கினால், எஞ்சி நிற்பது 6 மில்லிமீட்டர் நீளமுள்ள இழைத்துண்டுகளின் அடுக்கே. தீக்குச்சிகளைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியதற்கு அது ஒப்பாகும். கொட்டாப்புளியின் ஓர் அடி பக்கவாட்டில் விழுந்தால் தண்டு பெயர்ந்துவிடும். பலகையை நிமிர்த்தி இழையைச் செங்குத்தாக்கினால் பனை உறுதிபெறும். ஆனால் அப்போது கரையின் விளிம்பு சிராய்த்து உதிரும்.

இரண்டில் ஒன்றைத் தேர வேண்டியுள்ளது. பனை ஒன்றிரண்டாகவும் நிலம் மிகுந்தும் இருப்பின் கிடையிழையே நன்று. அந்நிலையில் தண்டின் பக்கங்களைச் சுவர்போல் நெட்டாக வெட்டாமல், அடி அகன்று நுனி குறுகும் சரிவாக விடுதல் வேண்டும். தண்டின் விளிம்புக்கு அடியில் உட்புறமாகக் குடைவதை அறவே தவிர்த்தல் வேண்டும். தட்டி வெட்டுவதற்கு மாறாக, கூரிய உளியைக் கையால் தள்ளிச் சீவுதல் வேண்டும். தனித்தனியே நிற்கும் பனைகளைக் காட்டிலும் ஒன்றையொன்று மறைத்து நிற்கும் கூட்டம் உறுதியானது. ஒரு தண்டு மற்றொன்றுக்கு முட்டுக்கொடுக்கும். பனைகள் வரிசையாகவும் நெருங்கியும் நிற்கும் அப்பகுதியின் இயல்பும் இதற்குத் துணைசெய்கின்றது. காட்சியே பனை என்றால் நெடும்பலகையும் நெட்டிழையுமே பொருந்தும்; அப்போது கரையைக் கூரிய விளிம்பாக அன்றி மென்சரிவாக அமைத்தல் வேண்டும்.

பனையின் தலை வேறொரு சிக்கல். விசிறிபோல் விரிந்த ஓலைகள் எல்லாத் திசைகளிலும் நீள்கின்றன. எவ்விழையோட்டத்திலும் அவற்றுள் பாதி குறுக்கே போகும். ஓலையை ஓலையாகச் செதுக்க முற்படுவோர் இவ்விடத்தில்தான் தோற்கின்றனர். முதலில் தலை முழுவதையும் ஓர் உருண்டைத் திரளாக விட்டு, அதன்மேல் நான்கைந்து விசிறிகளின் மேடுபள்ளத்தை மட்டும் எடுத்து, மடிப்புகளை வாய் வளைந்த சிற்றுளியால் கீறினால் போதும். தொலைவிலுள்ள பனைக்கு அக்கீறலும் வேண்டா. திரள் ஒன்றே போதும். அண்மைப் பனையிலும் தொலைப் பனையிலும் ஒரே அளவு நுணுக்கத்தைக் காட்டுவது தொடக்கநிலைச் சிற்பிகளிடம் பொதுவாகக் காணப்படும் குறை. நுணுக்கமும் ஆழத்தைப் போலவே பங்கிடப்பட வேண்டிய ஒன்று.

இழையைப் பற்றிப் பேசுகையில் இவ்வட்டாரத்துக்கே உரிய ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. வானூர் வட்டத்துத் திருவக்கரையில் ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. கல்லான பின்னும் அவற்றின் வளர்வளையங்கள் புலப்படுகின்றன. மரம் தன் பொருளை முற்றிலும் இழந்த பின்னும் இழையை இழப்பதில்லை.

நீரும் வானமும்

தேர்ப்பலகையில் நீர் என்றால் அலைக்கோடுகளும் அவற்றிடையே மீனும் தாமரையும் இருக்கும். ஏரி நீருக்கு அலை அதிகமில்லை. அதனைக் கரையைவிடத் தாழ்ந்த, சற்றே பின்சரிந்த வழவழப்பான தளமாக விட்டு, பனைகளின் எதிரொளி விழும் இடங்களில் மட்டும் குறுகிய கிடைக்கீறல்கள் சிலவற்றைத் தருதல் பொருந்தும். சுற்றியுள்ள நிலத்தில் உளியின் தடம் இருக்க, நீரில் மட்டும் அது இல்லாதிருந்தால் ஒளி அங்கே வேறு வகையாகத் தெறிக்கும். அவ்வேறுபாடே நீராகப் புலப்படும்.

வானம் வெறுமை என்பதால் எளிது என்று கருதப்படுகின்றது. அதுவே மிகக் கடினமானது. பலகையிலேயே ஆழமாக இறக்கப்படுவதும் பரப்பில் மிகுந்ததும் அதுதான். அதன் தளத்தில் அரை மில்லிமீட்டர் ஏற்றத்தாழ்வு இருந்தாலும் எண்ணெய் பூசியவுடன் அது கறைபோல் தெரியும். உப்புத்தாளால் தேய்த்து முழுவதும் மழமழப்பாக்கினால் வானம் பின்னே செல்வதற்கு மாறாகப் பளிச்சென முன்வந்து நிற்கும். அகன்ற உளியால் கிடையாக, மிக மெல்லியதாக இழுத்த தடங்களை அப்படியே விடுவது நல்ல பயன் தருகின்றது. அகலவாக்கில் அறுத்த பலகைகளில் இயல்பாக அமையும் வளைவரிகளை மேகமாகக் கொள்ளும் உத்தியும் உண்டு. அதற்கு வரைவதற்கு முன்பே பலகையைத் தேர்ந்திருக்க வேண்டும். ஜப்பானில் இனாமி என்னும் ஊர் மரச்சிற்பத்துக்குப் பெயர்பெற்றது. அறைகளுக்கு இடையில் மேலே பொருத்தப்படும் அவ்வூர்ப் பலகைகளில் நிலக்காட்சியைச் சுற்றியுள்ள வெற்றிடத்தையே துளைத்து எடுத்துவிடுவதுண்டு. வானம் என்னும் சிக்கல் அங்கே வானத்தோடு நீங்கிவிடுகின்றது.

வானத்தை இறக்கும்போது மற்றோர் இடர் நேர்கின்றது. பலகையின் ஒரு முகத்திலிருந்து மட்டும் பெரும்பகுதி மரம் நீக்கப்படுவதால் உள்ளிருந்த இறுக்கம் தளர்கின்றது. புதிதாகத் திறந்த பரப்பின் ஈரமும் வெளியேறுகின்றது. பலகை குழிந்து வளைகின்றது. இதனால்தான் தேர்ந்த சிற்பிகள் தளங்களைத் தோராயமாக இறக்கியபின் பலகையைச் சில நாள்கள் நிழலில் கிடத்திவைத்துப் பிறகே நுண்வேலைக்குச் செல்கின்றனர். வேலை முடிந்தபின் முன்புறத்தோடு பின்புறத்துக்கும் எண்ணெய் பூசுவது இக்காரணம் பற்றியே. வேலையின் வரிசையும் இங்கே முதன்மையானது. வானத்தில் தொடங்கி, குன்று, வயல், நீர், பனை எனப் படிப்படியாக முன்வந்து, கரையையும் மதகையும் இறுதியில் முடித்தல் வேண்டும். மேலே நிற்கும் நுண்பகுதிகளை முதலில் முடித்துவிட்டால், பின்னுள்ளவற்றைச் செதுக்கும் கையே அவற்றை உடைத்துவிடும்.

பொறி காணும் ஆழம்

2019 வரை விழுப்புரம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பம் அதற்கு முந்தைய ஆண்டிலேயே அதனைப் பெற்றிருந்தது. இரண்டுக்கும் தெய்வ உருவங்களே முதன்மை. நிலக்காட்சிப் பலகைகளும் நிலக்காட்சி செதுக்கிய கதவுகளுமோ இன்று பெரும்பாலும் கணினிவழி இயங்கும் சி.என்.சி. பொறிகளால் செய்யப்படுகின்றன. பொறியின் விரைவுக்கும் விலைக்கும் கையால் ஈடுகொடுக்க இயலாது. எனினும் அப்பொறிக்கு ஆழம் எவ்வாறு சொல்லப்படுகின்றது என்பது கவனிக்கத்தக்கது.

பொறிக்குத் தரப்படும் வரைவில் ஒவ்வொரு புள்ளியின் வெண்மையும் கருமையும் அப்புள்ளியின் உயரத்தைக் குறிக்கின்றன. வெண்மை மேடு, கருமை பள்ளம். தேர்ந்த வரைவாளர் இதற்கெனவே உருவங்களை வடிவமைக்கின்றனர். அவ்வாறன்றி ஓர் ஒளிப்படத்தையே கறுப்புவெள்ளையாக மாற்றிப் பொறியில் இட்டால், வெளிச்சம் உயரமாகவும் இருள் ஆழமாகவும் மாறிவிடும். ஏரிக்கரைப் படத்தில் வெளிச்சமானது வானம். இருண்டது எதிரொளியில் நிற்கும் பனை. ஆகவே வானம் முன்னே புடைத்து நிற்க, பனை அதற்குள் பள்ளமாகப் பதிந்துவிடுகின்றது. தொலைவில் நிற்கும் வெண்கொக்கு கரையைவிட உயர்ந்து முளைக்கின்றது. இது பொறியின் குற்றமன்று. எது அண்மை, எது சேய்மை என்னும் தீர்ப்பு படத்தில் இல்லை. நிலத்தைக் கண்டவரிடமே உள்ளது.

இத்தீர்ப்பு இப்பகுதிக்கு இப்போது வேறொரு வகையிலும் தேவைப்படுகின்றது. கழுவேலி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என்னும் அறிவிப்பும் அதே ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் இடம்பெற்றது. காக்க வேண்டியவை என அரசு ஆவணங்கள் குறித்த இந்நிலத்தின் உறுப்புகள், கள்ளக்குறிச்சி உளிக்கு இன்னும் பாடுபொருளாகவில்லை. விற்பனைக்கு வரும் நிலக்காட்சிப் பலகைகளில் தென்னையும் பனிமலையும் ஊசியிலை மரமும் ஒரே சட்டத்துக்குள் நிற்பதைக் காணலாம்.

வைக்கும் இடம்

தேர்ச் சிற்பம் திறந்த வெளியில், நகரும் கதிரவனின் ஒளியில் காணப்பட்டது. வீட்டுப் பலகையோ அசையாத ஒரே ஒளியில் காணப்படுவது. எதிர்ச்சுவரிலுள்ள குழல்விளக்கு நேராக விழுமானால், ஒரு மில்லிமீட்டர்க் குன்றும் அதன் மெல்லிய நிழலும் முற்றிலும் மறைந்துபோகும். கரையும் மதகும் மட்டுமே எஞ்சும். சாளரத்துக்கு அடுத்த பக்கச்சுவரே தாழ்புடைப்புக்கு உரிய இடம். மேலிருந்து விழும் ஒளியில் கிடைக்கோடுகளாகிய கரையும் தொடுவானமும் தெளியும், பனைத்தண்டுகள் மங்கும். பக்கவாட்டு ஒளியில் தண்டுகள் தெளியும், தொடுவானம் மங்கும். மேல்மூலையிலிருந்து சாய்ந்து விழும் ஒளி இரண்டுக்கும் பொதுவானது. செதுக்கும்போது விளக்கு எப்பக்கம் இருந்ததோ அப்பக்கத்தைப் பலகையின் பின்புறத்தில் அம்புக்குறியிட்டு எழுதிவைத்தல் வேண்டும். சுவரில் மாட்டுபவர் பெரும்பாலும் செதுக்கியவராக இருப்பதில்லை.